குடைக்காரன் சிரிப்பில் ஒரு விக்கல்

குடையை அந்தப் பாத்திரத்தில் போடுங்கள், மதிவதனி. வாசலோரம் இருக்கிறதே, வெண்கலம், அதில்தான். அகலமான வாய், ஆறு குடை தாராளமாக நிற்கும். என் மாமியார் விட்டுப்போனது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், சமையலுக்கு லாயக்கில்லை என்று குடைக்கு ஒதுக்கிவிட்டேன். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் ஆடும். அது இவருடையது.

இவர் வெண்ணெய் வாங்கப் போயிருக்கிறார். நீங்கள் வருகிறீர்கள் என்று தவளை அடை பண்ணியிருக்கிறேன். வெண்ணெயும் வெல்லமும் இல்லாமல் அதைத் தட்டில் வைத்தால் அடைக்கு அவமானம். தெருமுனைக் கடைதான். பத்து நிமிஷத்தில் வந்துவிட வேண்டும், ஆனால் இவருக்குப் பத்து நிமிஷம் என்றால் மற்றவர்களுக்கு அரை மணி. அதுவரை நான் சொல்லிவிடுகிறேன். எப்படியும் இவர் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. மூன்று வார்த்தை சொல்வார், நாலாவது வார்த்தைக்கு என் முகத்தைப் பார்ப்பார்.

அந்த ரெக்கார்டர் ஓடுகிறதா? சிவப்பு விளக்கு எரிகிறதே. எரியட்டும், அணைக்காதீர்கள்.

டப்பிங்கைப் பற்றிய உங்கள் புத்தகத்துக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும். 'இரும்புக் குடை' என்ற சீனச் சண்டைப் படத்தின் தமிழ் டப்பிங்கில் குடைக்காரன் பதினாலு விநாடி சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு யாருடையது? அவ்வளவுதானே? குடைக்காரனுக்கு வசனம் பேசிய தணிகாசலத்தின் பெண், சிரிப்பும் தன் அப்பாவுடையதுதான் என்கிறாள். நான் என் கணவருடையது என்கிறேன். அடுத்த வாரம் புத்தகம் அச்சுக்குப் போகிறது. இன்றைக்கு இவர் உங்கள் எதிரில் சிரித்துக் காட்டாவிட்டால் தணிகாசலம் என்றே போட்டுவிடுவீர்கள். ஃபோனிலேயே சொன்னீர்கள். நியாயம்தான். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன், இவ்வளவு மரியாதையாகச் செய்ய மாட்டேன்.

இது ஆரம்பித்தது சித்திரையில். இவர் டெலிபோன் ஆபீஸிலிருந்து ரிட்டயராகி இரண்டு மாதம். மத்தியானம் நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். பக்கத்தில் இவருடைய ஃபோனிலிருந்து ஒரே சத்தம். கல்லில் துணி துவைக்கிற மாதிரி தப், தப். ஒருவன் சட்டைக் கையை உதறினால்கூடச் சாட்டை சொடுக்குகிற சத்தம் வருகிறது. நடுநடுவே "என் குருவைக் கொன்றவன் நீதானா" என்று ஒருவன் கேட்கிறான். அவன் வாய் மூடிய பிறகும் வசனம் வந்துகொண்டிருக்கிறது, என் நாத்தனாரைப் போல.

"ஊர்மி, இதைக் கொஞ்சம் கேளேன்" என்றார்.

பார்த்தேன். வெள்ளைத் தாடி வைத்த ஒருவன் கூரைமேல் நிற்கிறான். கையில் இரும்பில் செய்த குடை. வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். கேமரா அவன் மூக்குவரை பாய்கிறது, பயந்து பின்னால் போகிறது, திரும்பவும் பாய்கிறது.

"இது நான்" என்றார்.

"எது, குடையா?" என்றேன்.

பிறகுதான் சொன்னார், இரண்டு நாளாக, தவணை முறையில். எபனேசர் என்று இவருக்கு ஒரு நண்பர், சாலிகிராமத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இஞ்சினியர். அவருடைய ஸ்கூட்டரை இரவல் வாங்கியிருந்த இவர் அதைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். திருச்சிக்கு வந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளாம் அது. அங்கே தணிகாசலம் வசனத்தையெல்லாம் பேசி முடித்துவிட்டுத் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்குப் போய்விட்டார். சிரிப்பு மட்டும் பாக்கி. இருந்தவர்கள் எல்லோரும் முயற்சி செய்திருக்கிறார்கள். ஒருவர் சிரித்தால் ஆடு மாதிரி இருக்கிறதாம், இன்னொருவர் சிரித்தால் குக்கர் மாதிரி. எபனேசர் இவரைப் பார்த்து, "டேய் பட்டாபி, எதையாவது நெனச்சுக்கிட்டு ஒரு தடவை சிரிடா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றிருக்கிறார். இவர் மைக் முன்னால் நின்றார், சிரித்தார். ஒரே டேக். ஒன்பதாவது விநாடியில் ஒரு விக்கல். அதை வெட்ட முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள்.

எபனேசர் போய்ச் சேர்ந்துவிட்டார், சாட்சி சொல்ல ஆள் இல்லை. படத்தில் பெயரும் போடவில்லை. ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் என்றா போடுவார்கள்?

இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கலையே" என்றார். சாப்பிட உட்கார்ந்தவரிடம், நீங்கள் எப்போதாவது சீனக் குடைக்காரனுக்காகச் சிரித்ததுண்டா என்று எந்தப் பெண்டாட்டி கேட்பாள்?

சரி, படத்துக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருக்கும் கருத்துகளைப் படித்தேன். ஆயிரத்து எண்ணூறு கருத்து. மூன்று நாள், அடுப்பை அணைத்துவிட்டுப் படித்தேன். ஒருவர் எழுதியிருக்கிறார், "ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு டென்ட் கொட்டாயில பாத்த படம். இப்ப என் பையன் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு என் பக்கத்துல உக்காந்து பாக்கறான்." இன்னொருவர், "சண்டைக்கு முன்னாடி எதுக்கு இவ்ளோ நேரம் குரு பேரு, குருவோட குரு பேரு? ஆதார் கார்டு காட்டிட்டு அடிச்சா ஆகாதா?" நாற்பத்தொன்றாவது நிமிஷத்தில் குருவுக்குப் பின்னால் கரண்டு கம்பம் தெரிகிறது என்று ஒருவர் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார். அதற்கு வேறொருவர், "அது குருவோட பவர் ப்ரோ." நான் சிரிக்கவில்லை, ஆனால் அதற்கு லைக் போட்டேன்.

எல்லாவற்றையும்விட அந்த விக்கலுக்குத்தான் சண்டை. ஒரு பேராசிரியர் மூன்று பத்தி எழுதியிருக்கிறார், அது அதிகாரத்தின் தொண்டையில் சிக்கிய மனசாட்சியாம். இல்லை, முந்தின காட்சியில் குடித்த டீயில் விஷம், அதன் முதல் அறிகுறி என்கிறார் ஒருவர். யாரோ டாக்டர், "வாயு. சீரகத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்கிறார். குடைக்காரன் செத்து, அவனைச் சாகடித்தவனும் செத்து, படச்சுருளே மக்கிப்போன பிறகு சீரகத் தண்ணி.

என்னால் சும்மா இருக்க முடியாது. எழுத்துப்பிழையைப் பார்த்தால் எனக்குக் கை நமநமக்கும். "வில்லன் லூஸ் ஆயிருக்கக் கூடாது" என்று ஒருவன் இங்கிலீஷில் எழுதி, இரண்டு ஓ போட்டிருந்தான். நான் பதில் போட்டேன், "தம்பி, தோற்பதற்கு ஓர் ஓ போதும். இரண்டு போட்டால் கழன்று போகும். கழன்றது வில்லனா, நீயா?" அவன் "நன்றி டீச்சர்" என்றான். அன்றிலிருந்து அங்கே எனக்கு டீச்சர் என்றுதான் பெயர். இருக்கட்டும். கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் பெனடிக்டா சொல்வார், "ஒரு எழுத்து தப்பினால் நீ சொல்ல வந்தது செத்துப்போகும், வேறொன்று பிறந்துவிடும்." பன்னிரண்டு வருஷம் அந்தக் கையில் படித்தவள் நான். அங்கே தமிழில் பேசினால் கழுத்தில் அட்டை மாட்டுவார்கள், எனக்கு இரண்டாவது பாஷை ஹிந்தி. ஆனாலும் தமிழில் ஒரு பிழை விட மாட்டேன். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு சமயம் ஒரு பெண்கள் பத்திரிகைக்கு இந்தத் தவளை அடையின் செய்முறையை எழுதி அனுப்பினேன். போட்டார்கள், படத்தோடு. தலைப்பில் அச்சுப்பிழை! "தவலை அடை" என்று கொட்டை எழுத்தில். ள-வுக்கும் ல-வுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களெல்லாம் பத்திரிகை நடத்துகிறார்கள். இரண்டு பக்கத்துக்குக் கண்டித்து எழுதினேன். இவர்தான் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். இன்றுவரை பதில் இல்லை. வெட்கம், வேறென்ன.

எங்கே விட்டேன்? ஆமாம், கருத்து. நான் நேராக எழுதினேன், "இந்தச் சிரிப்பு என் கணவர் திரு. பட்டாபிராமனுடையது. விக்கலும் அவருடையதே." அவ்வளவுதான், வந்து விழுந்தார்கள். "டீச்சர், அந்தக் குடை எங்க தாத்தாவோடது", "டீச்சர், அந்தக் கூரை எங்க மாமா வீடு", "அந்தக் கரண்டு கம்பத்துக்கு நான்தான் பில் கட்டறேன்." போகட்டும், சின்னப் பிள்ளைகள். பிறகு தணிகாசலத்தின் பெண் வந்தாள். ரொம்ப மரியாதையாக எழுதினாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அம்மா, அப்பா போனதற்குப் பிறகு அவர் சிரிப்பைக் கேட்க எங்களுக்கு இருப்பது இந்தப் பதினாலு விநாடிதான். தயவுசெய்து அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்." நானூறு பேர் அதற்கு இதயம் போட்டார்கள். எனக்கு ஒருவர் போட்டார். யாரென்று பார்த்தால், இவர்.

"பாவம், விட்டுடேன் ஊர்மி, வெறும் சிரிப்புதானே" என்றார்.

எப்படி விடுவது? பொய் சொன்னவள் என்று நானூறு பேர் நினைத்துக்கொண்டிருக்கும்போது? அவள் அப்பாவின் வசனம் முழுக்க அவளிடம் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம். அதை யார் கேட்டார்கள்? எனக்கு வேண்டியது பதினாலு விநாடி.

வேறொன்றும் இருக்கிறது. சொல்லவா வேண்டாமா என்று பார்க்கிறேன். சரி, சொல்கிறேன். இருபத்தெட்டு வருஷத்தில் இவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. தோள் குலுங்கும், சத்தம் வராது. சில சமயம் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு குலுங்குவார். ஜுரமா என்று கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட மனுஷர் எங்கேயோ ஓர் இருட்டறையில், முன்பின் தெரியாத குடைக்காரனுக்கு, தெருவே கேட்கிற மாதிரி சிரித்துக் கொடுத்திருக்கிறார். கட்டிக்கொண்டவளுக்கு ஒன்றுகூட இல்லை. அது எப்படி நியாயமாகும்?

ஆகவே சிரிக்க வைப்பது என்று முடிவு செய்தேன். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, தினமும் காலை ஏழு மணிக்கு. ஜோக் புத்தகம் வாங்கிப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு ஜோக்குக்கும் பிறகு நிறுத்தி, "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். புரிந்தது என்று தலையாட்டினார். பூங்காவில் சிரிப்பு யோகாவில் சேர்த்தேன். எல்லோரும் கையைத் தூக்கி ஹோ ஹோ என்கிறார்கள், இவர் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி நிற்கிறார். வீட்டில் ஃபோனை எதிரே வைத்து, "ம், ஆரம்பிங்கோ" என்றேன். ஆரம்பித்தார். நான் பதிவு செய்து போட்டதற்குக் கீழே அந்த வாயு டாக்டர் எழுதினார், "உடனே நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கவும்."

"அன்னிக்கு எதையாவது நெனச்சுண்டு சிரிக்கச் சொன்னாரே எபனேசர், எதை நெனச்சுண்டேள்? அதையே இப்பவும் நெனச்சுக்கோங்கோ" என்றேன். இதைக் கேட்டதும் தரையைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. "ஞாபகம் இல்லே" என்று சொல்லிவிட்டு எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கவாம். அன்றைக்குத் துணியே துவைக்கவில்லை.

மணி என்ன? பாருங்கள், இன்னும் வரவில்லை. வெண்ணெயைக் கடைந்து எடுத்துக்கொண்டு வருகிறாரோ என்னவோ. அடை ஆறிப்போகும், நீங்கள் சாப்பிடுங்கள். இந்தாருங்கள். வெல்லம் மட்டும் வைத்திருக்கிறேன். நன்றாக இருக்கிறதா? இருக்கும். இந்த அடையினால்தான் எனக்குக் கல்யாணமே ஆயிற்று, தெரியுமா?

பெண் பார்க்க வந்தவர்களுக்கு அம்மா இதைத்தான் பண்ணியிருந்தாள். நான் பண்ணினதாகச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அப்போது எனக்குச் சமையலறை எந்தப் பக்கம் என்றுகூட நிச்சயமில்லை. இவருடைய அம்மா என்னைச் சோதிப்பதற்காக, "இதுக்கு ஏன்மா இந்தப் பேரு?" என்று கேட்டாள். எனக்கா பதில் வராது? எழுந்து நின்று, வகுப்பில் சொல்கிற மாதிரி கணீரென்று சொன்னேன். "நடுவில உப்பி, ஓரமெல்லாம் படிஞ்சு, தண்ணிக்குள்ளேர்ந்து எட்டிப் பாக்கற தவளை மாதிரியே இருக்கும் மாமி. அதனால தவளை அடை. மூடி போட்டு நிதானமா வேக விடணும், இல்லேன்னா தவளை சரியா உப்பாது."

இவருடைய சித்தப்பா இருமிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனார். மாமியார் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். இவர் மட்டும் தட்டிலிருந்த அடையைத் திருப்பி, அடியில் என்ன இருக்கிறது என்று உற்றுப் பார்த்தார். நல்ல கவனமான மனுஷர் என்று அப்போதே நினைத்தேன். தோள் குலுங்கியது. குளிருகிறதோ என்று என் அப்பா ஃபேனை நிறுத்தினார். மறுநாளே ஃபோன், சம்மதம் என்று. நான்கு இடத்தில் வேண்டாம் என்று சொன்னவராம், என்னிடம்தான் விழுந்தார். படித்த பெண் என்றால் அப்படித்தான்.

என்ன? மெதுவாகச் சொன்னால் எனக்குக் கேட்காது. தவலையா? இல்லை அம்மா, தவளை. நாக்கை மடக்குங்கள், ள. நீங்களும் அந்தப் பத்திரிகைக்காரர்கள் மாதிரியே சொல்கிறீர்களே. புத்தகம் எழுதுகிறவர் இப்படிச் சொல்லலாமா?

பாத்திரமா? எந்தப் பாத்திரம்? தவலை என்று ஒரு பாத்திரமா, அதன் அடியில் எண்ணெய் விட்டு அதில் இந்த அடையைத் தட்டுவார்களா? அதனால் அந்தப் பேரா? யார் சொன்னது? உங்கள் அம்மாவா? உங்கள் அம்மா எந்தப் பள்ளிக்கூடம்? சரி, அப்படியே ஒரு பாத்திரம் இருந்தால் அது எங்கள் வீட்டில் இருந்திருக்காதா, என் மாமியார் எவ்வளவு சாமான் வைத்திருந்தவள்? எங்கே காட்டுகிறீர்கள்? வாசலில் என்ன?

குடைப் பாத்திரமா?

அதுவா தவலை?

இருங்கள். அங்கே நிற்பது யார்? எவ்வளவு நேரமா நிக்கறேள்? வெண்ணெய்ப் பொட்டலம் மழையில் நனைகிறது, உள்ளே வாங்கோ என்றால் அதையும் காதில் வாங்காமல் அந்தப் பாத்திரத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு... என்ன அது? தோள் குலுங்குகிறது. எதற்கு இப்போது வாயைத் திறக்கிறார்?

ஐயோ. மதிவதனி, அது எரிகிறதா, சிவப்பு விளக்கு? எரிகிறதா? தள்ளி வையுங்கள் அவர் பக்கம். எண்ணுங்கள். நான்கு, ஐந்து. பட்டாபி, எதுக்கு இப்படிச் சிரிக்கறேள், தெருவில போறவா பாக்கறா, நிறுத்துங்கோ. இல்லே, நிறுத்தாதீங்கோ, இன்னும் எட்டு விநாடி இருக்கு. ஏழு, எட்டு.

கேட்டீர்களா? விக்கல். ஒன்பதில். அதே இடம், அதே விக்கல். போங்கோ, இன்னும் போங்கோ, பதினாலு வரைக்கும். ம். பன்னிரண்டு. பதின்மூன்று. போதும். போதும்னு சொன்னேனே, பட்டாபி. அவனே பதினாலோட நிறுத்திட்டான், நீங்க என்ன இருபத்தஞ்சு?

கண்ணைத் துடைச்சுக்கோங்கோ. இந்தாங்கோ தண்ணி. இப்போ சொல்லுங்கோ. அன்னிக்கு மைக்குக்கு முன்னாடி எதை நெனச்சுண்டு சிரிச்சேள்?

தவளையையா.

அதுவும், எட்டிப் பாக்கற தவளையையா.

இருபத்தெட்டு வருஷமா ஒருத்தரும் என்னைத் திருத்தலையே, உங்க அம்மா, அந்தச் சித்தப்பா, உங்க தங்கை? என்னது? திருத்தக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லி வெச்சேளா? அப்போ பத்திரிகைக்கு நான் எழுதின கடுதாசி? பீரோவிலயா இருக்கு? என் கல்யாணப் புடவைக்கு அடியிலயா?

எங்கே எழுந்திருக்கிறீர்கள் மதிவதனி, உட்காருங்கள். உங்கள் வேலை முடிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் வெண்ணெய் இப்போதுதான் வந்திருக்கிறது. இன்னொரு அடை போட்டுக்கொள்ளுங்கள். பேரை நான் சொல்லப் போவதில்லை, எந்த எழுத்து வேண்டுமோ அதைப் போட்டுச் சாப்பிடுங்கள். தணிகாசலத்தின் பெண்ணிடம் சொல்லுங்கள், அவள் அப்பாவின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று ஒருநாள் இங்கே வந்து சொல்லட்டும், கேட்கிறேன். அடை நானே பண்ணிப் போடுகிறேன்.

உங்கள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குடைக்காரனின் சிரிப்பு, பட்டாபிராமன். கீழே இன்னொரு வரி. சிரிக்க வைத்தவர், ஊர்மிளா பட்டாபிராமன். எப்படி என்று போட வேண்டாம். அச்சுக்கோக்கிறவர்களிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், என் பெயரில் பிழை வரக் கூடாது. ஊர்மிளாவுக்கு ள. தவளையில் வருகிறதே, அந்த ள.